உயிலா, செட்டில்மென்டா, அதற்கும் முன்னால் ஒரு வெள்ளைத்தாளா?

ராத்திரி பதினொன்றரை மணிக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். நோயாளி பெயர், வயது, முகவரி எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் என் பெயர். அடுத்த கட்டம் 'உறவு'. பேனா அங்கே நின்றுவிட்டது. பதினோரு வருஷமாக அவளுக்கும் எனக்கும் ஒரே வீடு, ஒரே கேஸ் சிலிண்டர். 'தோழி' என்று எழுதினேன். கவுன்டரில் இருந்த பையன் அதைப் படித்துவிட்டு, "ரத்த சொந்தம் யாரையாவது வரச் சொல்லுங்க மேடம்" என்றான். கெட்ட பையன் இல்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அவளுடைய ரத்த சொந்தம் என்று பார்த்தால் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த எழுபத்தாறு வயது அம்மாவும், கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணனும். அண்ணன் அவளோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது.

வெடிக்கத் தயாராக இருந்த அப்பெண்டிக்ஸ். அவள் நினைவோடு இருந்ததால் தானே கையெழுத்துப் போட்டாள், பிழைத்தோம். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்: வீட்டுக்கு உயில் எழுத ஓடினோம். வரிசையைத் தப்பாகப் பிடித்தோம் என்று பிறகுதான் புரிந்தது. உயிலைப் பிரிக்கும்போது ஒருவர் இருக்கமாட்டார். அன்று ராத்திரி எனக்குத் தேவைப்பட்டது அவள் உயிரோடு இருக்கும்போது செல்லுபடியாகும் ஒரு தாள்.

கல்யாணம் என்ற வழி நம்மைப் போன்ற தன்பாலின இணையருக்கு இப்போது இல்லை. 2018 செப்டம்பரில், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் நம்மை விடுவித்தது. 2023 அக்டோபர் 17ஆம் தேதித் தீர்ப்பில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் அடிப்படை உரிமை ஆகாது, அதைப் பார்ப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. துணைகளில் ஒருவர் திருநங்கை, மற்றவர் ஆண் என்றால் கதை வேறு. 2019இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றால் திருநங்கையும் அடங்குவார் என்று சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட இணையர் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேராகப் பதிவு அலுவலகம் போகலாம்.

குறுக்கு வழிகள் சிலவற்றையும் விசாரித்தோம். தாய்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்து தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். போய் மாலை மாற்றிக்கொண்டு வரலாம், படம் அழகாக இருக்கும். சென்னைச் சார்பதிவாளருக்கு அந்தச் சான்றிதழ் ஒரு காகிதம், அவ்வளவுதான். ஜப்பானில் துணையையே தத்தெடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. இங்கே இந்துச் சட்டப்படி, வழக்காறு இருந்தாலொழிய, பதினைந்து வயது முடிந்தவரைத் தத்தெடுக்க முடியாது. இருவருக்குள்ளும் ஒரு உறவு ஒப்பந்தம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கலாம். 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட குடும்ப இணைப்பு ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வழி வகுக்குமாறு தமிழக அரசிடம் யோசனை சொன்னார். அது இன்னும் சட்டமாகவில்லை. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியாகாது என்றும் சொன்னது. படித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் கவுன்டர் பையன் தீர்ப்பு நகலைப் படிக்கமாட்டான். ஒப்பந்தம் நம் இருவரைக் கட்டும், மூன்றாவது ஆளைக் கட்டாது.

ஆக மிஞ்சுவது, கல்யாணம் ஒரே கையெழுத்தில் தருவதைத் துண்டு துண்டாகத் தரும் காகிதங்கள்.

ஆஸ்பத்திரிக் காகிதங்கள்

முதலில் ஒரு பிரமையை விடவேண்டும். நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளிக்காக வேறு யாரும், பெற்ற தாயே ஆனாலும், சம்மதம் சொல்ல முடியாது. 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில், பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையை, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவர் யார் சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதாவது 'ரத்த சொந்தம் வரட்டும்' என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் பழக்கம், பணம் கட்ட ஆள் வேண்டும் என்ற கவலை, நாளைக்கு வழக்கு வந்தால் என்ற பயம். பழக்கத்தை உடைக்கக் காகிதம் உதவும்.

நம் கையில் இருப்பவை மூன்று. ஒன்று, சாதாரண மருத்துவ அதிகாரக் கடிதம்: 'என் சிகிச்சை பற்றிய விவரங்களை இவரிடம் சொல்லலாம், நான் பேச முடியாத நிலையில் இவருடைய சொல்லை என் விருப்பமாகக் கொள்ளவும்.' சட்டத்தில் இதற்கு வலு குறைவு என்பதை ஒளிக்க வேண்டாம். ஆனால் கவுன்டரில் நோட்டரி முத்திரைக்கு இருக்கும் மரியாதை தனி.

இரண்டாவது, முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம், ஆங்கிலத்தில் 'லிவிங் வில்' என்பார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. முன்பு மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்றிருந்ததால் யாரும் கிட்டே போகவில்லை. இப்போது இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் முத்திரை போதும். இதில் நம் சார்பில் முடிவெடுக்க 'பாதுகாவலர் அல்லது நெருங்கிய உறவினர்' என்று ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிடலாம். அந்த 'பாதுகாவலர்' என்ற சொல்லுக்குள்தான் நாம் நுழைகிறோம். குறை என்னவென்றால், தேறும் வாய்ப்பே இல்லாத கடைசிக் கட்டத்துக்கு மட்டும்தான் இது. அப்பெண்டிக்ஸ் ராத்திரிக்கு உதவாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, யாரும் பேசாததும் அதுதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், வயதுவந்த யாரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். உறவினராக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. நாம் நியமித்தவர் இருந்தால் அவருக்குப் பின்னால்தான் உறவினர். மனநலச் சிகிச்சைக்கு மட்டும் என்றாலும், 'திருத்துகிறோம்' என்று சொந்த வீட்டாரே மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போன கதைகள் நம்மிடையே எத்தனை! இந்தத் தாள் அந்த இடத்தில் நேராக நிற்கும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

பவர் பத்திரம் எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். தீராது. எழுதிக்கொடுத்தவர் இறந்தாலும், மனத்தெளிவு இழந்தாலும் பவர் தானாகச் செத்துவிடும். அதாவது நமக்கு மிகவும் தேவைப்படும் நிமிஷத்தில் அது இருக்காது. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள, தாலி கட்டிய மனைவியே 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. பவர், வெளியூரில் இருக்கும்போது வரி கட்ட, பட்டா வாங்க உதவும். அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு

எங்கள் சங்கதி இதுதான். மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட், அவள் பெயரில் மட்டும். கடன் தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்து போனது. இன்றைக்கு அறுபது லட்சம் பெறும். அவள் எதுவும் எழுதிவைக்காமல் போனால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு அம்மாவுக்கு. அம்மாவும் இல்லையென்றால் அப்பாவின் வாரிசு என்ற வகையில் அண்ணனுக்கு. (கல்யாணம் ஆகாத ஆணாக இருந்தால் முதலில் அம்மா, பிறகு அப்பா, பிறகு உடன்பிறந்தவர்கள்.) என் பெயர் அந்தப் பட்டியலில் எந்த வரியிலும் வராது. 'பணம் நான் கொடுத்தேன், பெயர் மட்டும் அவளுடையது' என்று கோர்ட்டில் போய் நின்றால் பினாமிச் சட்டமே என்மேல் திரும்பக்கூடும்.

செட்டில்மென்ட் எழுதி இப்போதே பாதி வீட்டை என் பெயருக்கு மாற்றிவிடலாம் என்பது அவள் யோசனை. மனசுக்கு நன்றாக இருந்தது, கணக்குப் போட்டதும் தலை சுற்றியது. கணவனோ மனைவியோ என்றால் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. குடும்பத்துக்கு வெளியே என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து ஒன்பது சதவீதம். முப்பது லட்சத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். அதோடு விட்டதா? வருமானவரிச் சட்டத்தில் 'உறவினர்' பட்டியலில் இல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால் முழுத்தொகையும் வாங்கியவரின் வருமானம். முப்பது லட்சமும் என் அந்த வருஷச் சம்பளத்தின் தலையில் ஏறும். எட்டு லட்சத்துக்குக் குறையாது என்றார் ஆடிட்டர். இந்தப் பாகுபாட்டை எதிர்த்து 2025இல் ஒரு தன்பாலின இணை பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

உயிலில் வரும் சொத்துக்கு இந்த அன்பளிப்பு வரி கிடையாது. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். நாளை நாங்கள் பிரிந்தாலும் (இதைப் பேசாமல் இருப்பது முட்டாள்தனம்) அவள் வீடு அவளிடம் இருக்கும். செட்டில்மென்ட் அப்படி இல்லை. பதிந்து கொடுத்ததை ஒருதலையாக ரத்து செய்ய முடியாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் நடக்கவேண்டும்.

உயிலின் பலவீனம் ஒன்றே ஒன்று. அது பேசத் தொடங்கும்போது எழுதியவர் இருக்கமாட்டார், அண்ணன் இருப்பார். 'வெளியாள் மயக்கி எழுதி வாங்கிவிட்டாள்' என்பதுதான் வழக்கமான வழக்கு. ரத்த சொந்தத்தை விலக்கிவிட்டு வெளியாளுக்கு எழுதுவதையே சந்தேகத்துக்கிடமான சூழ்நிலையாகக் காட்டப் பார்ப்பார்கள். உயில் உண்மையானது என்று கோர்ட்டில் உறுதி வாங்கும் புரொபேட் என்று போனால் சட்ட வாரிசுகளுக்கு நோட்டீஸும் போகும். அதனால் எங்கள் வக்கீல் சொன்னபடி சில வேலைகள் செய்தோம். உயிலைப் பதிவு செய்தோம். அன்று காலையே ஒரு மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கினாள். அண்ணனுக்கு ஏன் எழுதவில்லை என்பதை உயிலிலேயே இரண்டு வரியில், வசவு இல்லாமல் சொன்னாள். சாட்சிகளாக எங்களைவிட இளையவர்கள் இருவர், உள்ளூரிலேயே இருப்பவர்கள். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி 'என் கண்முன் கையெழுத்துப் போட்டார்' என்று சொல்லவேண்டும், அறுபத்தைந்து வயது மாமாவைச் சாட்சியாக வைத்து என்ன பயன்? சொத்து வாங்கப் போகிறவரும் சாட்சியாக நிற்கக்கூடாது. நான் அன்று வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

பத்திர எழுத்தரின் வரைவில் என்னைப் பற்றி 'என் அன்புக்கும் நம்பிக்கைக்கும் பாத்திரமான' என்று இருந்தது. அவர் எந்த உயிலுக்கும் போடும் வாசகம்தான். அதற்கடுத்து உறவு என்ன போடுவது என்று கேட்டார். அவள், "என்னோடு வாழ்ந்துவரும் துணை" என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி ஒரு முறை பார்த்தார், தட்டச்சு செய்தார். அவ்வளவுதான் நடந்தது. 'தோழி' என்று எழுதினால்கூட உயில் செல்லும், உறவைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டில் தெரியாதவர்களுக்கு இது ஒரு வசதி.

அப்படியானால் செட்டில்மென்ட் யாருக்கு? உறவினர்கள் இப்போதே வக்கீல் நோட்டீஸ் விடும் அளவுக்குப் பகை இருந்தால், கொடுப்பவருக்கு வயதாகி உயில் நிச்சயம் கோர்ட் ஏறும் என்று தெரிந்தால், சொத்து சின்னது, வரி தாங்கும் என்றால், அப்போது பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியை வாங்கலாம். வாழ்நாள் அனுபவ உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு எழுத மறக்கவேண்டாம். கொடுப்பவருக்கு அறுபது வயது ஆகியிருந்தால் 'என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையையும் எழுத்தில் சேர்க்கவேண்டும். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவின்படி, வாங்கியவர் கைவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். வாங்கியவர் மகனா துணையா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. முஸ்லிம் இணையருக்கு இன்னொரு கணக்கு: வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் உயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது, அதனால் அவர்களுக்கு உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் ஹிபாதான் பெரும்பாலும் பொருந்தும்.

இனிமேல்தான் வீடு வாங்கப் போகிறீர்களா? பத்திரத்திலேயே இருவர் பெயரும், ஆளுக்கு எத்தனை பங்கு என்பதும் இருக்கட்டும். இது எல்லாவற்றையும்விட மலிவு. நாங்கள் கோட்டைவிட்டது இங்கேதான். ஒன்று மட்டும்: ஒருவர் இறந்தால் அவர் பங்கு தானாக மற்றவருக்கு வந்துவிடாது, அந்தப் பங்குக்கும் உயில் வேண்டும்.

பணம்

2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், பால்புதுமையர் (நம்மைப் போன்ற க்யூர் மக்கள்) கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று தெளிவுபடுத்தியது. எங்கள் கிளை மேலாளர் அதைக் கேள்விப்படவில்லை. அச்செடுத்துக் கொண்டுபோன தாளைப் படித்துவிட்டு, "சரிங்க, ஃபார்ம் கொடுங்க" என்றார். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம்.

நாமினி என்றால் சொந்தக்காரர் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, வாரிசு கேட்டால் கொடுக்கவேண்டும். பங்குகளுக்கும் இதுதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் 2015க்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம், நமக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே நாமினியும் உயிலும் ஒரே பெயரைச் சொல்லவேண்டும். உயிலில் கணக்குகளையும் பாலிசிகளையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

பி.எஃப். விஷயம் விசித்திரம். குடும்பம் உள்ளவர் வெளியாளை நாமினியாக்கினால் செல்லாது. குடும்பம் என்பதில் சார்ந்திருக்கும் பெற்றோரும் அடக்கம். என் பெற்றோர் இருவரும் இல்லை, அதனால் என் பி.எஃப். அவளுக்குப் போகும். அவளுடையது அம்மாவுக்குத்தான்.

அம்மா

அவளுடைய அம்மாவை நானும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். காலைச் சர்க்கரை மாத்திரை, மாதம் ஒரு முறை கண் மருத்துவர், எல்லாம் என் பொறுப்பு. மகள் பயணத்திலேயே இருப்பவள். மகளும் இல்லை, மருமகளும் இல்லை என்ற நிலையில் பார்த்துக்கொள்கிறவருக்கு எந்தச் சட்டத்திலும் பெயர் இல்லை. அம்மாவே தன் மருத்துவ விருப்ப ஆவணத்தில் பாதுகாவலராக மகளையும் அடுத்து என்னையும் போட்டார். நோட்டரி, "இவங்க யாரும்மா?" என்று கேட்டதற்கு, "என் வீட்டுப் பொண்ணு" என்று முடித்துவிட்டார். எங்கள் பத்திரங்கள் அத்தனையிலும் இவ்வளவு சுருக்கமான உறவு விளக்கம் கிடையாது.

இறந்தபிறகு உடலைப் பெறுவது பற்றியும் கேட்கிறார்கள். நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணை உரிமை கோரலாம் என்பதற்கு வழிசெய்யுமாறு மத்திய சுகாதார அமைச்சகம் 2024இல் மாநிலங்களுக்கு எழுதியது. 'இல்லாதபோது' என்ற சொல்லைக் கவனியுங்கள். அண்ணன் வந்து நின்றால் அந்தக் கடிதம் பலவீனம். எங்கள் உயில்களில் நிறைவேற்றுநராக ஒருவருக்கொருவர் பெயர் எழுதி, ஈமக்காரியம் யார் செய்யவேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தோம். அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பது அன்றைக்கு அங்கே யார் குரல் உயர்கிறது என்பதைப் பொறுத்தது.

மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே நியமனப் பிரதிநிதித் தாளையும் மருத்துவக் கடிதத்தையும் எழுதிவிடுவேன். மறுநாள் நோட்டரி. அந்த வாரமே வங்கி நாமினி. உயிலுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம். செட்டில்மென்ட் பற்றி ஆடிட்டரைப் பார்க்காமல் பேச்சே எடுக்கமாட்டேன். நகல்கள் பச்சைக் கோப்பில் ஒன்று, இருவர் போனிலும் ஒன்று, சாட்சி நின்ற தம்பியிடம் ஒன்று.

முதல் உயிலில் ஒன்றை விட்டுவிட்டோம். இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டால் வீடு யாருக்கு? அண்ணன் பெண்ணுக்கு என்கிறாள் அவள். அண்ணன் பேசாவிட்டாலும் அந்தக் குழந்தை பிறந்தநாளுக்கு அத்தைக்கு மெசேஜ் அனுப்புகிறது. எனக்கு அது ஒப்பவில்லை, வேறு பெயரும் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது உயிலின் வரைவு மேஜைமேல் கிடக்கிறது. அந்த ஒரு வரி மட்டும் இன்னும் பென்சிலில்.